ஹெரால்டுக்கு கிரீஸ் வேண்டாம் (பழைய சக்கரங்கள் – 14)

போன வாரம் ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் ஸ்டீயரிங் ரேக்கைத் தாங்கும் ரப்பர்களை மாற்றினோம். எண்ணெயில் ஊறி நொந்துபோன ரப்பர் என்ன பாடு படுத்தும் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் டை ராட் எண்ட் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் ட்ரன்னியன் குறுக்கே வந்துவிட்டது. அதை முடிக்காமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டுக்கு மேலே பால் ஜாயின்ட் உண்டு. கீழே கிடையாது. தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். அந்தக் கட்டைதான் ட்ரன்னியன். ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் தண்டு அந்த மரையிலேயே திரும்புகிறது. துளி ஏறுகிறது, துளி இறங்குகிறது. வண்டியின் முன்பாரமும் அதன் வழியாகத்தான் இறங்குகிறது. இரண்டு பக்கமும் ஒரே மரை இல்லை. ஒன்று வலது மரை, மற்றது இடது மரை. கடையில் வாங்கும்போது கையில் பழைய கட்டை இருக்கட்டும்.

இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்டாக 1959-லும், சென்னையை ஒட்டிய வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் 1961-லும் வரத் தொடங்கிய இந்த வண்டி, 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். லண்டன் டாக்ஸிக்கு ஈடான திருப்பம் அது. மயிலாப்பூர்ச் சந்தில் ஒரே மூச்சில் திருப்பிக்கொண்டு வந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். சக்கரம் அவ்வளவு ஒடிவதால் திருகுக்கும் அவ்வளவு வேலை.

இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத செய்தி இதுதான்: 1962-ல் வந்த லோட்டஸ் எலான், ஓட்டுவதற்கு இவ்வளவு இனிமையான கார் இன்னொன்று இல்லை என்று பலர் இன்றும் சொல்லும் அந்த ஸ்போர்ட்ஸ் கார், முன்சக்கரங்களைத் தாங்க எடுத்துக்கொண்டது இதே ட்ரையம்ப் குடும்பத்துத் தண்டையும் ட்ரன்னியனையும்தான். நம்மூர் டாக்டர்களும் வக்கீல்களும் ஓட்டிய வண்டியின் அடிப்பாகம், லோட்டஸை நிறுவிய காலின் சாப்மன் கண்ணுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது!

அப்படிப்பட்ட பாகம் ஏன் முறிகிறது? கிரீஸால். கம்பெனி கேட்டது 90 கியர் ஆயில். கிரீஸ் மரையின் இண்டு இடுக்கில் முழுக்க இறங்காது. இறங்கியதும் நாளடைவில் கெட்டியாகிவிடும். அந்த இடைவெளியில் மழைத்தண்ணீர் புகுந்து எஃகைத் தின்னும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் வண்டியைத் திருப்பும்போது தண்டு மரையோரம் ஒடிந்து, சக்கரம் மடங்கிவிடும்.

நான் பார்த்த ஒரு ஷெட்டில் கழற்றிய தண்டின் மரையில் பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தது. அதைச் சுரண்டியதும் அடியில் வளையம் வளையமாகத் துரு. நகம் மாட்டும் அளவுக்குக் குழி. “எல்லாருக்கும் தெரியும் சார், ஆயில்தான் விடணும்னு,” என்றார் மூத்த மெக்கானிக். “ஆயில் விட்டா கீழ சொட்டும். ஒழுகுதுன்னு வண்டிக்காரர் சண்டைக்கு வருவார். கிரீஸ் அடிச்சா சத்தமில்லாமப் போயிடுவார்.”

சொட்டட்டும். சொட்டினால்தான் உள்ளே எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம். குழி விழுந்த தண்டை லேத்தில் கொடுத்துச் சீர்செய்ய நினைக்காதீர்கள். தண்டையும் கட்டையையும் சேர்த்தே மாற்றுங்கள். மாட்டும்போது கடைசிவரை திருகி, பிறகு சற்றே பின்வாங்குங்கள். இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்து, எங்கும் இறுகவில்லை என்றால் சரி.

டை ராட் எண்ட் அடுத்த வாரம். அதற்குள் கழற்றிவிடத் துடிப்பவர்கள், எத்தனை சுற்றில் கழன்று வருகிறது என்று எண்ணி ஒரு தாளில் எழுதி வையுங்கள். புதியதை அதே சுற்றுக்கு ஏற்றினால்தான், அலைன்மென்ட் பார்க்கும் இடம்வரை வண்டி நேராகப் போகும்.