பகலில் தையல், மாலையில் ஜெபம்

எங்கள் காரைக்காலில் பண்டிகைக்குக் குறைவில்லை. அம்மையாரின் மாங்கனித் திருவிழா, மஸ்தான் சாகிப் கந்தூரி, மார்கழியில் கிறிஸ்துமஸ் என்று எது வந்தாலும் எங்கள் தெருத் தையல்காரருக்கு ஓய்வு கிடையாது. அவர் ஒரு சிறிய சபையின் போதகரும்கூட. பெரிய திருச்சபைகளில் போதகருக்கு மாதச் சம்பளம் உண்டு. இவருடையது தனிச் சபை. விழுகிற காணிக்கை ஜெப வீட்டு வாடகைக்கும் கரண்டுக்கும்தான் சரியாக இருக்கும். வீட்டில் அடுப்பு எரிவது தையல் மெஷினால்தான்.

போன டிசம்பரில் ரவிக்கை வாங்கப் போனேன். இரவு ஒன்பது மணி. அவர் கீத பவனிக்குப் போயிருந்தார். பாஸ்டரம்மா கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, சாப்பிட்டியா?" என்றேன்.

"அவங்க வரட்டும் அக்கா. எங்களுக்கு ரெண்டு வேலையும் ஒரே நாள்ல வந்து நிக்குது" என்று சிரித்தாள். கண்கள் தூக்கத்துக்குக் கெஞ்சின.

இது புதுச் சங்கதி அல்ல. கொரிந்துப் பட்டணத்தில் பவுல் கூடாரத் தொழில் செய்துகொண்டே ஊழியம் செய்தார் என்று வேதாகமம் சொல்கிறது. ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்ற தம்பதியோடு தங்கி, அவர்களோடு சேர்ந்து உழைத்தார்.

நம் பக்கத்துத் தரங்கம்பாடி போலவே டேனிஷ்காரர் வசம் இருந்த ஊர் வங்காளத்துச் சேராம்பூர். அங்கே பேர் பெற்ற வில்லியம் கேரி, இங்கிலாந்தில் போதகராக இருந்தபோதே செருப்புத் தைத்தார், பள்ளிக்கூடமும் நடத்தினார். 1794-ல் வங்காளத்தில் அவுரித் தொழிற்சாலை மேலாளர். 1801 முதல் கல்கத்தா ஃபோர்ட் வில்லியம் கல்லூரியில் ஆசிரியர். சம்பளத்தின் பெரும்பகுதி ஊழியத்துக்கே போயிற்று. அவர் பெருமையை எல்லோரும் பேசுகிறோம். மனைவி டாரதியை யார் நினைக்கிறோம்? 1794-ல் ஐந்து வயது மகன் பீட்டரைப் பறிகொடுத்த அந்தத் தாய், மனநிலை பாதிக்கப்பட்டு, 1807-ல் கண் மூடும்வரை தேறவேயில்லை.

கணவருக்கு இரண்டு வேலை என்றால், மூன்றாவது வேலை மனைவியின் தலையில் விழுகிறது. ஞாயிறு இவர்களுக்கு ஓய்வு நாள் இல்லை. திங்கட்கிழமையாவது மெஷினை மூடி வைக்கலாம். பால் கொடுக்கும் தாய் யாருக்காகவும் காத்திராமல் வேளைக்குச் சாப்பிட வேண்டும். ராத்திரியில் ஊசி வேலை செய்தால் நல்ல வெளிச்சம் வேண்டும். நடுநடுவே எழுந்து கழுத்துக்கும் கண்ணுக்கும் ஓய்வு கொடுக்க வேண்டும்.

நமக்கும் பொறுப்பு உண்டு, சகோதரிகளே! பண்டிகைத் துணியைப் பதினைந்து நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். 'பாஸ்டர்தானே' என்று கூலியைக் கடன் சொல்லாதீர்கள். நானும் கடைசி நேரத்தில் துணி கொடுத்தவள்தான்.

அன்று வீட்டுக்கு ஓடி, நாலு இட்லியும் சட்னியும் எடுத்து வந்தேன். குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன். அவள் சாப்பிட்டாள்.