கேட் ரிமோட்: யார் கையில் எத்தனை?

அலிபாபா கதை நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். திருடர் தலைவன் குகை வாசலில் மந்திரச் சொல்லைச் சொன்னான். ஒளிந்திருந்த அலிபாபா அதைக் கேட்டுக்கொண்டான். பிறகு அவன் சொன்னபோதும் குகை திறந்தது. சொல்வது யார் என்று குகைக்குக் கவலையில்லை.

தலைநகரில் பல சொசைட்டிகளிலும் தனி வீடுகளிலும் இன்று ரிமோட்டால் திறக்கும் கேட்டுகள் வந்துவிட்டன. அவற்றின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

பழைய வகை ரிமோட் சிலவற்றைப் பிரித்துப் பார்த்தால், வரிசையாகப் பன்னிரண்டு சின்னஞ்சிறு ஸ்விட்சுகள் இருக்கும். அவற்றை மேலும் கீழுமாக எப்படி மாற்றி வைத்தாலும் கிடைப்பவை 4,096 குறியீடுகளே. 2015இல் சாமி கம்கார் என்ற அமெரிக்க ஆய்வாளர், குழந்தைகளின் விளையாட்டுக் கருவி ஒன்றை மாற்றியமைத்து, அத்தனையையும் பத்து வினாடிக்குள் அனுப்பிக் காட்டினார்!

இதற்கு மாற்றாக வந்ததுதான் 'மாறும் குறியீடு'. பட்டனை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் மந்திரச் சொல் மாறிவிடும். ஒட்டுக்கேட்ட பழைய சொல் பயன்படாது. 1980களில் தென்னாப்பிரிக்காவில் உருவான 'கீலாக்' இம்முறைகளில் புகழ்பெற்றது. அதை 1995இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனம் வாங்கியது. 2008இல் ஜெர்மனியின் போஹும் நகர ஆய்வாளர்கள் அதையும் உடைத்துக் காட்டினார்கள். ஆனாலும் பழைய ஸ்விட்சு முறையைவிட அது எவ்வளவோ மேல்.

கீலாக் முறையில் ரிமோட்டும் ரிசீவரும் ஒரே எண்ணிக்கையில் முன்னேறுகின்றன. ஊருக்குப் போன இடத்தில் குழந்தை விளையாட்டாகச் சில தடவை அழுத்தினாலும் பாதகமில்லை. பதினாறு தடவைக்கு மேல் போனால், திரும்பி வந்ததும் அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்த வேண்டியிருக்கும். ரிமோட் கெட்டுவிட்டதோ என்று பதற வேண்டாம்.

உண்மையான சிக்கல் தொலைந்த ரிமோட்டில்தான் இருக்கிறது. சாதாரண ரிசீவர்கள் பலவற்றில் ஒன்றை மட்டும் நீக்க முடியாது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, வீட்டுக்கு வீடு ரிமோட்டுகளை வாங்கி மறுபடி பதிய வேண்டும். நூறு வீடுகள் உள்ள சொசைட்டியில் யார் இதைச் செய்வார்கள்? எனவே ஒத்திப்போடுகிறார்கள். மாற்றலாகிப் போனவர், காலி செய்த குடித்தனக்காரர் என எல்லோருடைய ரிமோட்டும் கேட்டைத் திறந்துகொண்டே இருக்கிறது. நாளை ஏதாவது திருட்டுப் போனால், பழி முதலில் டிரைவர்மீதும் வேலைக்காரப் பெண்மணிமீதும்தான் விழும்.

இதற்கென்றே புரோகிராமிங் கன்சோல் என்னும் கருவி இருக்கிறது. ஒவ்வொரு ரிமோட்டுக்கும் உள்ள தனி எண்ணை வீட்டு எண்ணோடு சேர்த்துப் பதியலாம். தொலைந்ததை மட்டும் நீக்கலாம். பட்டியலைப் பிரதி எடுத்து வைக்கலாம். ஆனால் கன்சோலின் கடவுச்சொல் கேட் பொருத்திய ஆளிடம் மட்டும் இருந்தால், வீட்டுச் சாவியை அவரிடம் கொடுத்து வைத்ததற்குச் சமம். நிர்வாகக் குழுவில் இருவருக்காவது அது தெரிந்திருக்க வேண்டும்.

ரிமோட் தொலைந்தால் அன்றே தெரிவியுங்கள். அபராதத்துக்குப் பயந்து மறைக்கிறவர்கள் உண்டு. ஆகவே அபராதம் விதிக்காமல், புதிய ரிமோட்டின் விலையை மட்டும் வாங்குவதே நல்லது. வாடகைக்கு விடுபவர்கள், சாவியோடு ரிமோட்டையும் எண்ணித் திரும்பப் பெற வேண்டும்.

அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நம் கேட்டில் எத்தனை ரிமோட்டுகள் பதிவாகியுள்ளன, அவை யார் யாரிடம் இருக்கின்றன? உடனே பதில் வராவிட்டால், பட்டியல் போடும் வேலையை அன்றே தொடங்கிவிடலாம்.