பழுது பார்க்க வாடகைக்காரர் வழிவிட மறுத்தால்...

நம் சங்க உறுப்பினர்களில் பலர் ஓரிடத்தில் கட்டடச் சொந்தக்காரர், இன்னோரிடத்தில் வாடகைக்காரர். ஆகவே இந்த விஷயத்தை இரு தரப்பிலும் நின்று பார்க்க நம்மால் முடியும்.

கடைவீதியின் பழைய கட்டடங்களில் பல, மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்டவை. மாடியில் தேங்கும் நீர் இறங்கினால், சுவருக்குள் செருகியிருக்கும் உத்தர முனைதான் முதலில் உளுக்கும். அது கண்ணுக்குத் தெரியாது. அடியில் சரக்கு அடுக்கியிருக்கும், ஆட்கள் மூட்டை தூக்கிக்கொண்டிருப்பார்கள். ஐப்பசி மழைக்கு முன் கொத்தனாரை அனுப்பினால், "இப்போது வேண்டாம், சீசன் முடியட்டும்" என்று வாடகைக்காரர் திருப்பி அனுப்பிவிடுகிறார்.

ஏன் மறுக்கிறார்? வியாபாரம் கெடும் என்பது வெளியில் சொல்லும் காரணம். ரிப்பேர் என்ற பெயரில் சரக்கை இறக்கிவிட்டுப் பூட்டைப் போட்டுவிடுவார்களோ என்பது மனத்திலுள்ள பயம். அப்படி நடந்த கடைகளை நாமும் பார்த்திருக்கிறோம். எனவே அந்தப் பயத்தைப் போக்குவதே முதல் வேலை.

சட்டம் என்ன சொல்கிறது? 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் 22.2.2019 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி ரிப்பேர் செய்யவோ கட்டடத்தைப் பார்வையிடவோ சொந்தக்காரர் உள்ளே வரலாம். ஆனால் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்கவேண்டும். காரணம், நாள், நேரம் மூன்றும் அதில் இருக்கவேண்டும். 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவும், நியாயமான நேரத்தில் சொந்தக்காரர் வந்து பார்வையிட இடம் தரும் கடமையை வாடகைக்காரருக்கு வைத்திருக்கிறது.

நோட்டீசோடு கீழ்க்கண்டவற்றையும் எழுதிக் கொடுத்தால் பாதிச் சண்டை தீரும்:

1. எந்தப் பகுதியில் வேலை, எத்தனை நாள் என்ற விவரம்.

2. கடைச் சாவி வாடகைக்காரரிடமே இருக்கும் என்ற உறுதி.

3. சரக்கை நகர்த்தும் கூலி யாருடையது, வேலை நடக்கும் நாட்களுக்கு வாடகையில் தள்ளுபடி எவ்வளவு என்பது.

4. தற்காலிகமாகக் காலி செய்யவேண்டியிருந்தால், திரும்ப அதே இடம், எந்தத் தேதியில், என்ன வாடகைக்கு என்பது. இது இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தமாக இருப்பது நல்லது.

இவ்வளவுக்குப் பின்னும் மறுத்தால், அனுபவமுள்ள இன்ஜினீயரிடம் கட்டட நிலை பற்றி அறிக்கை வாங்குங்கள். நோட்டீசைத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு வக்கீல் மூலம் வாடகை அதிகாரியிடமோ வாடகை நீதிமன்றத்திலோ மனு செய்யலாம். காலி செய்தால்தான் முடியும் என்ற அளவுக்கு வேலை பெரிதானால், இடத்தைத் திரும்பப் பெறவும் அதையே காரணமாகச் சட்டம் ஏற்கிறது.

செய்யக்கூடாதவை இரண்டு. பூட்டை உடைக்கவோ மேல்பூட்டுப் போடவோ கூடாது. சட்டப்படியல்லாமல் வெளியேற்றப்பட்டவர், 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டு இடத்தைத் திரும்பப் பெறலாம். கரண்டையோ தண்ணீரையோ நிறுத்துவதும் சட்ட விரோதம். நியாயம் நம் பக்கம் இருந்தும் இந்த அவசரத்தால் வழக்குத் தோற்பானேன்?

வாடகைக்கு இருக்கும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒழுகும் கூரையைத் தொடவிடாமல் காப்பாற்றும் உரிமையால் லாபம் ஏதுமில்லை. நனைவது உங்கள் சரக்கு. கூரை இறங்கினால் அடியில் நிற்பது உங்கள் ஆட்கள். பயம் இருந்தால் எழுத்தில் உறுதி கேளுங்கள், கதவை அடைக்காதீர்கள்.

வாய்ப் பேச்சிலேயே பல வருடங்களாக ஓடும் வாடகைகள் நம்மிடையே உண்டு. 2017ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்து ஒப்பந்தமும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வதும் வேண்டும் என்கிறது. அடுத்த ஒப்பந்தம் எழுதும்போது, பழுது பார்க்க இடம் தருவது பற்றி ஒரு பாராவைச் சேர்த்துவிடுங்கள். மழைக்காலத்து மனக்கசப்பு பெருமளவு குறையும்.