எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரிய வேண்டுமா?

இரவு பத்து மணிக்கு மேல் கேமரன் மலைச் சாலையில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். தேயிலைச் சரிவுகள் இருட்டில் கிடக்கும். சற்றுத் தள்ளி, பிளாஸ்டிக் கூரை போட்ட தோட்டங்கள் மட்டும் பளிச்சென்று ஒளிரும். “அங்கே என்ன திருவிழா?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். திருவிழா ஒன்றும் இல்லை. செவ்வந்திச் செடிகளுக்கு விளக்குப் போட்டிருக்கிறார்கள்.

இரவு நீளமாக இருந்தால் மொட்டு விடும் செடி செவ்வந்தி. கேமரன் மலையில் ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறைய 12 மணி நேரம். அப்படியே விட்டால் செடி குட்டையாக இருக்கும்போதே பூத்துவிடும். சந்தைக்கோ நீண்ட தண்டு வேண்டும். அதனால் நட்ட முதல் சில வாரங்களுக்கு, நள்ளிரவை ஒட்டிச் சுமார் 4 மணி நேரம் விளக்கை எரியவிட்டு இரவை இரண்டாக உடைக்கிறார்கள். தண்டு போதிய உயரம் வந்ததும் விளக்கை நிறுத்துவார்கள். பிறகு செடி மொட்டு வைக்கும்.

மூன்றாகப் பிரித்தால்...

ஒரு கணக்குப் போடுவோம். 60 வாட் குண்டு பல்புகள் 300 என்றால் 18,000 வாட். அதை 230 வோல்ட்டால் வகுத்தால் 78 ஆம்பியர். சாதாரண ஒற்றை ஃபேஸ் இணைப்பு இதைத் தாங்காது. அதே 300 பல்புகளை 9 வாட் எல்.இ.டி.யாக மாற்றினால் 2,700 வாட், ஏறக்குறைய 12 ஆம்பியர்தான்.

இன்னொரு வழியும் உண்டு. செவ்வந்திக்கு 4 மணி நேரமும் விளக்கு விடாமல் எரிய வேண்டியதில்லை. 10 நிமிடம் எரிந்து 20 நிமிடம் அணைந்தாலும் செடி அதை நீண்ட பகலாகவே எடுத்துக்கொள்கிறது. எனவே தோட்டத்தை மூன்று பிரிவாக்கி, டைமர் வைத்து ஒன்று மாற்றி ஒன்றாக எரியவிடலாம். எந்த நேரத்திலும் 100 பல்புகள்தான் எரியும். லோடும் மூன்றில் ஒரு பங்கு, மின்கட்டணமும் மூன்றில் ஒரு பங்கு.

பல்பு வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள். முதலாவது, சிவப்பு ஒளி. அது குறைவாக உள்ள வெளிர்நீல வெள்ளை பல்பைவிட வார்ம் ஒயிட் பல்பு இந்த வேலைக்கு ஏற்றது. இரண்டாவது, ‘பவர் ஃபேக்டர்’. அது 0.5 மட்டுமே உள்ள மலிவு பல்பு 100 எரிந்தால், 4 ஆம்பியருக்குப் பதில் 8 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பிரேக்கர் டிரிப் ஆவது இதனால்தான். பெட்டியில் 0.9 என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

வீட்டுக்குள் வளர்ப்பவர்களுக்கு

தானா ராத்தாவிலோ ரிங்லெட்டிலோ, ஏன் கோலாலம்பூர் அடுக்குமாடியிலோகூட இப்போது பலர் அறைக்குள் கீரையும் சாலட் இலையும் புதினாவும் வளர்க்கிறார்கள். 100 வாட் விளக்கு இரண்டு, தினம் 14 மணி நேரம் எரிந்தால் மாதம் 84 யூனிட்.

லோடு என்று பார்த்தால் 200 வாட் பெரிதல்ல. குளிர்ப் பிரதேச வீட்டில் வாட்டர் ஹீட்டர் மட்டும் சுமார் 3,600 வாட். கெட்டில் சுமார் 2,000 வாட். ஆனால் கெட்டில் ஐந்து நிமிடத்தில் அணைந்துவிடும். விளக்கு பாதி நாளுக்கு மேல் எரியும். அத்தனை நேரமும் தளர்ந்த பிளக்கும் மெல்லிய வயரும் சூடாகிக்கொண்டே இருக்கும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

• எக்ஸ்டென்ஷனில் இன்னொரு எக்ஸ்டென்ஷனைச் சொருகாதீர்கள். விளக்கு, ஃபேன், பம்பு எல்லாம் சேர்த்து எத்தனை வாட் என்று கூட்டிப் பாருங்கள். 13 ஆம்பியர் பிளக்கின் உச்சம் சுமார் 3,000 வாட். மணிக்கணக்கில் ஓடுவதற்கு அதில் 80 சதவிகிதத்தோடு நிறுத்துங்கள்.

• ஒரு மணி நேரம் எரிந்தபின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் உடனே மாற்றுங்கள்.

• தண்ணீர் தெளிக்கும் இடம் இது. வயர் சாக்கெட்டுக்குக் கீழே தொங்கி, பிறகு மேலேறிச் சொருகப்பட வேண்டும். அப்போது வழியும் நீர் சாக்கெட்டுக்குள் போகாமல் கீழே சொட்டிவிடும்.

• கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அது விழவில்லை என்றால் உங்களுக்குப் பாதுகாப்பு இல்லை.

• புதிய வயர் இழுக்க வேண்டுமானால், எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனை அழையுங்கள். தெரிந்த தம்பி ஒருவர் வந்து செய்து கொடுக்கிற வேலை அல்ல இது.

நேரமும் முக்கியம். 2025 ஜூலையில் வந்த புதிய கட்டண முறையில், நேரவாரித் திட்டத்தில் சேர்ந்த வீடுகளுக்கு வார நாட்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை கட்டணம் கூடுதல். டைமரை நள்ளிரவு 12 முதல் மறுநாள் பிற்பகல் 2 வரை வைத்தால் அந்த நேரத்தை முழுவதும் தவிர்க்கலாம். மாலையில் வீட்டில் ஆளாளுக்கு ஹீட்டர் போடும் நேரமும் தப்பிவிடும். புதினாவுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது!

ரிங்லெட் ஏரி நீரைக் கொண்டு 1960களிலிருந்தே மின்சாரம் தயாரிக்கும் மலை இது. ஆனால் மலையில் எவ்வளவு மின்சாரம் தயாரானாலும், உங்கள் வீட்டு வயர் தாங்குகிற அளவுதான் உங்களுக்குக் கணக்கு. அடுத்த விளக்கு வாங்குமுன், இருப்பதை எந்த நேரத்தில் எரியவிடலாம் என்று யோசியுங்கள்.