காணி வாணிகமும் நல்லுறவும்

வாணிகப் பொருள்கள் பலவற்றுள்ளும் காணி இடம் பெயராதது. ஆடையோ அணியோ வாங்கியவர் அதனைத் தம் இல்லத்துக்கு எடுத்துச் செல்வர். விற்றவரை மீண்டும் காணவேண்டிய தேவை அவர்க்கில்லை. காணி வாங்கியவரோ தாமே அக்காணி இருக்குமிடத்துக்குச் செல்கின்றார். நான்கெல்லையிலும் வாழும் அயலவர், பொதுக்கிணற்றில் முறையுடைய பங்காளர், ஒழுங்கையில் வழியுரிமை உடையோர் ஆகிய எல்லாரும் அன்றுதொட்டு அவர் வாழ்வோடு பிணைக்கப்படுகின்றனர். காணியை வாங்குவார் ஓர் அயலையும் உடன் வாங்குகின்றார் எனலாம். ஆதலின், இவ்வாணிகத்துக்கு மூலதனமாவது யாது என ஆராயின், பணத்தினும் மேலாக மக்களிடத்துப் பெற்ற நம்பிக்கையே அஃது என்பது புலப்படும். யாழ்ப்பாணத்துக் காணி வழக்குகள் இவ்வுண்மையை நன்கு விளக்குவன.

யாழ்ப்பாணத்திற் காணி விற்பனை இருவர்க்கிடையே மட்டும் நிகழும் செயலாகக் கருதப்பட்டதில்லை. ஒல்லாந்தர் ஆட்சியில், 1707ஆம் ஆண்டில், திசாவையாகவிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் இந்நாட்டு வழக்கங்களைத் தொகுத்தெழுதினார்; முதலிமார் 12 பேர் அதனை ஆராய்ந்து உடன்பட்டனர். தேசவழமை எனப்படும் அத்தொகுப்பு, 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியாற் பிரித்தானியர் ஆட்சியிலும் சட்டவலுப் பெற்றது. காணி விற்க எண்ணியவர் தம் உரித்தாளர்க்கும், பங்காளர்க்கும், அக்காணியை ஈடாகப் பெற்றிருக்கக்கூடிய அயற்காணிக்காரர்க்கும் முன்னரே அறிவித்தல் வேண்டும் என்பது அவ்வழக்கம். அவர் வேண்டாவெனின் மட்டுமே பிறர்க்கு விற்கலாம். ஒல்லாந்தர் காலத்தில் அவ்வறிவித்தல் தேவாலயத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அடுத்தடுத்து வாசிக்கப்பட்டது. பின்னர் 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம், முதலில் வாங்கும் இவ்வுரிமையைப் பங்காளர்க்கும், விற்பவர் மரணசாதனம் எழுதாது இறப்பின் உரித்தாளர் ஆகக்கூடியவர்க்கும் உரியதென வரையறுத்தது. எனவே, உரியவர்க்கு அறிவியாது மறைவில் முடித்த உறுதி பிற்காலத்தில் வழக்குக்கு இடமாகும். உறவினரைக் கலந்துகொள்ளுதல் இங்கே நன்னடத்தை மாத்திரமன்று. வாணிகத்தின் முதற்படியும் அதுவேயாம்.

ஒரு காணியின் பின்னே நிற்போர் எத்துணையர் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். இரண்டு பரப்புக் காணியொன்று தந்தையிடமிருந்து மக்கள் நால்வர்க்குப் பிரியாப் பங்காக வந்ததென்க. அவருள் ஒருவர் மூன்று பிள்ளைகளை விட்டிறப்பின், மூவர் காற்பங்கினரும் மூவர் பன்னிரண்டில் ஒரு பங்கினரும் ஆவர். யாழ்ப்பாணத்து வரகுப் பரப்பு 10 பேர்ச் கொண்டது. 16 பரப்பு ஓர் ஏக்கராகும். ஆகவே, அப்பேரப் பிள்ளைகளுள் ஒருவர்க்குரியது ஏறக்குறைய ஒன்றே முக்காற் பேர்ச் மட்டுமே. ஆயினும் அவர் கையொப்பமின்றி முழுக்காணியும் கைமாறாது. பங்காளருள் மணமான பெண்கள் இருப்பின், தேசவழமைக்குட்பட்டோர் பற்றிய 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் கணவரின் எழுத்து மூலமான சம்மதத்தையும் வேண்டி நின்றது. ஒருவர் மனத்தாங்கலுற்று விலகி நிற்பின், ஏனையோர் யாவரும் காத்திருத்தல் வேண்டும். விலையை உயர்த்துவதனால் மட்டும் தீராத இத்தகைய பிணக்குகளைத் தீர்க்கவல்லவர் இருபாலாராலும் மதிக்கப்படும் ஒருவரே. தரகர் என்னும் தொழிலுக்கு இடம் பிறப்பது இங்கேதான்.

நல்ல தரகர் காணியை மட்டும் அறிந்தவரல்லர். அதன் வரலாற்றையும் அறிந்தவர். சீதனமாக வந்தது எது, முதுசொமாக வந்தது எது, தேடியதேட்டம் எது, ஒற்றியில் நிற்பது எது என அவர் அறிவார். எவ்வெல்லையிற் கதியால் தள்ளி நடப்பட்டது, எக்கிணறு கோடையில் உவராகும், எவ்வொழுங்கையில் மாரி வெள்ளம் தேங்கும் என்பனவும் அவர்க்குத் தெரியும். இவ்வறிவு நூல்களாற் பெறப்படுவதன்று. நன்மை தீமை இரண்டுக்கும் ஊராரோடு சென்று நின்று, பல்லாண்டு பழகிப் பெறப்படுவது. ஆதலின், தொழிலைத் தொடங்குவோர் முதற்கண் ஒரு சிற்றூரையோ இரண்டொரு குறிச்சியையோ எல்லையாகக் கொண்டு, அதனை முற்ற அறிதலே தக்கது. பல ஊரைச் சிறிது அறிந்தவரினும் ஓரூரைப் பெரிதறிந்தவரையே காணி வாங்குவோர் நாடுவர்.

ஆயினும், உறவு உறுதிக்கு ஈடாகாது என்பது இங்கே அழுத்திக் கூறத்தக்கது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின்படி, காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுத்தில் முடிக்கப்பட்டாலன்றிச் செல்லாது. வாய்ச்சொல்லும் வெற்றிலைத் தட்டமும் அச்சாரமும் உரிமையைத் தரமாட்டா. மேலும், 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டம் பதிவுக்கு முதன்மை அளித்தது. ஒருவர் பெற்ற உறுதி பதியப்படாதிருக்க, அதே காணியைப் பெறுமதி கொடுத்து வாங்கிய வேறொருவர் வஞ்சனையின்றித் தம் உறுதியை முந்திப் பதிவாராயின், முன்னவர் உரிமை இழக்க நேரும். இக்காரணத்தாலேயே காணிப் பதிவகத்தில் ஏடுகளைப் பார்வையிடுதல் இன்றியமையாததாயிற்று. ஒல்லாந்தர் வைத்த காணியேட்டின் பெயரால் இதனைத் தோம்பு பார்த்தல் என மக்கள் இன்றும் வழங்குவர். ‘நம்மவர்தாமே, தோம்பு எதற்கு?’ என்று கூறும் தரகர் நட்பைப் பேணுபவரல்லர். நட்பின் பெயரால் ஆராய்ச்சியைத் தடுப்பவர். தக்க நொத்தாரிசிடமும் நில அளவையாளரிடமும் தாமே அழைத்துச் செல்பவரே உண்மை நண்பராவர்.

போர்க்காலமும் இடப்பெயர்வும் இத்தொழிலிற் பெரிய மாற்றத்தை விளைத்தன. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையினராக இடம்பெயர்ந்தனர். உறுதிகள் பல அழிந்தன; எல்லை வேலிகள் மறைந்தன; உரித்தாளர் பலர் கனடா, இங்கிலாந்து முதலிய நாடுகளிற் குடியேறினர். இலங்கையிற் பத்தாண்டுக் காலம் தடையின்றி எதிருரிமையாக ஒரு காணியை ஆள்பவர் ஆட்சியுரிமை கோரலாம் என்பது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம். இதனால் ஊரைவிட்டு நீங்கினோர் உரிமை இழக்கும் நிலை தோன்றவே, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983ஆம் ஆண்டு மே மாதம் முதல் 2009ஆம் ஆண்டு மே மாதம் வரையான காலத்தில், ஆயுதக் குழுக்களின் செயல்களால் நீதிமன்றை நாடமுடியாதிருந்தோர்க்குச் சிறப்பு ஏற்பாடு செய்தது.

சட்டம் இவ்வாறு துணைநிற்பினும், கடல்கடந்து வாழ்பவர் தம் காணியைக் கண்ணாற் காண இயலாது. அற்றோணித் தத்துவம் எழுதி ஒருவரிடம் ஒப்படைக்கும்போது அவர் ஒப்படைப்பது காணியை மட்டுமன்று. பெற்றோரின் உழைப்பையும், என்றாவது திரும்பலாம் என்னும் எண்ணத்தையுமாம். இத்தகையோர்க்குக் காணியின் நிலையை உள்ளவாறு எழுதி அறிவித்தலும், விலையை மறையாது உரைத்தலும், விற்காதிருத்தலே நன்றெனின் அதனைத் துணிந்து கூறுதலும் தரகர் கடனாகும். அவ்வாறு ஒழுகிய ஒருவரின் பெயர் ஒரு குடும்பத்திலிருந்து மற்றொரு குடும்பத்துக்கும், ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கும் தானே செல்லும். விளம்பரம் அறிமுகத்தையே தரும். நம்பிக்கையைத் தருவது முன்னர் வாங்கியவரின் சொல்லாம்.

இனி, தொழில் வளர்தற்குரிய நெறிகள் சிலவற்றை நோக்குவாம். தரகு எவ்வளவு, அதனைக் கொடுப்பவர் யார் என்பதை முதலிலேயே வெளிப்படையாகக் கூறுதல் ஒன்று. இருபாலாரிடமும் மறைவிற் பெறுதல் இருபாலாரையும் இழக்கும் வழியாம். விலைக்கு வந்த காணியைத் தாமே பிறர் பெயரில் வாங்கி உயர்விலைக்கு விற்றலை ஒழித்தல் இரண்டாவது. உறுதி முடிந்த பின்னரும் வேலியடைப்பு, கிணற்று முறை, வழி ஆகியவற்றிற் பிணக்கு எழின் சென்று தீர்த்துவைத்தல் மூன்றாவது. வழக்குள்ள காணியை, எத்துணைத் தரகு கிடைப்பினும், ஏற்க மறுத்தல் நான்காவது. ஒருமுறை மறுத்தலால் வரும் நட்டம் சிறிது. அம்மறுப்பைக் கேள்வியுறும் ஊரார் வைக்கும் மதிப்புப் பெரிது. தொழிலை அடுத்த ஊருக்கு விரிக்குங்கால், அவ்வூரில் ஏற்கெனவே நன்மதிப்புள்ள ஒருவரைத் துணைக்கொள்வதே முறை. பழக்கம் ஊர்தோறும் புதிதாகத் தேடப்பட வேண்டியதன்றோ!

உறவினால் விளையும் தீங்கும் உண்டு. அயல் என்பது துணையாகும், வேலியுமாகும். சாதி நோக்கிச் சிலர்க்குக் காணி விற்க மறுக்கும் வழக்கம் யாழ்ப்பாணச் சமூகத்தின் பழைய குறைபாடுகளுள் ஒன்று. தரகர் சிலர் அயலவர் வெறுப்புக்கு அஞ்சி, வாங்க வந்தோர்க்குப் பொய்க் காரணம் கூறி வாயிலை அடைத்ததுமுண்டு. தம்மைச் சார்ந்தோரிடத்து மட்டும் காட்டும் நேர்மை நேர்மையாகாது. ஊரார் நம்பிக்கையைப் பெற்ற ஒருவரே அந்நம்பிக்கையைக் கொண்டு அவர்தம் மனத்தை மாற்றவும் வல்லவர். புதியவர் ஒருவரை அயலுக்கு அறிமுகஞ் செய்துவைத்து, இரு பக்கத்தாரும் ஒரு கிணற்றில் நீர் அள்ள வைப்பவர் தம் தொழிலுக்கு மட்டுமன்றி ஊருக்கும் நன்மை செய்தவராவர்.

திருவள்ளுவர் வாணிகர்க்குரிய அறத்தைப் பொருள் ஈட்டுதலைக் கூறும் அதிகாரத்தில் வையாது, நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தின் இறுதியில் வைத்தார். பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுதலே நல்வாணிகம் என்பது அவர் கருத்து. விற்பார்க்கும் வாங்குவார்க்கும் நடுவே நிற்கும் தரகர்க்கு இதனினும் பொருத்தமான அறம் வேறில்லை. ஒருவர் தம் வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோ மட்டுமே காணி வாங்குகின்றார். அதற்கென விற்ற நகையும், பட்ட கடனும், பிறநாட்டிற் கழித்த ஆண்டுகளும் அவ்விலையில் அடங்கியிருக்கின்றன. உறுதியில் ஒரு பங்காளர் பெயர் விடுபட்டால் அவையாவும் வீணாகலாம். இதனை நினைந்து தொழில் புரிபவர்க்கு உறவு வாணிகத்துக்குரிய சூழ்ச்சியாகாது, கடமையாக அமையும். அக்கடமை வழுவாதவிடத்து வாணிகம் தானே தழைக்கும்.