படியளப்பவர் யார்? ஆள்பவர் யார்?

முன்னுரை

கல்லூரியில் புதிதாகச் சேரும் மாணவர் பலருக்கும் முதல்வர்தாம் எல்லாம் வல்லவர். அவர் நினைத்தால் பாடத்தை மாற்றலாம், தேர்வைத் தள்ளிவைக்கலாம், ஆசிரியரை நியமிக்கலாம் என்பது அவர்களது எண்ணம். ஒரு துறையில் ஆசிரியர் பணியிடம் காலியாகி, மாதக்கணக்கில் நிரம்பாமல் கிடந்தால் முதல்வர் அறை முன்னர்க் கூடி நிற்பர். அவரோ கையை விரிப்பார். அவர் விரித்த கையில் அந்த அதிகாரம் இல்லை என்பதே உண்மை. அவ்வாறாயின் அது எவர் கையில் இருக்கிறது? நமக்குப் பாடம் சொல்பவருக்கு ஊதியம் தருபவர் யார்? ஊதியத்தின் அளவை வகுப்பவர் யார்? பாடத்தை வகுப்பவர் யார்? பொருளியல் பயிலும் மாணவன் என்ற முறையில் நான் அறிந்தவற்றை இங்கே முறைப்படுத்திச் சொல்ல முற்படுகிறேன்.

நெல்லால் அளந்த ஊதியம்

இக்கேள்விகள் நம் மண்ணுக்குப் புதியவை அல்ல. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடுகள், கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் பாகூரில் இயங்கிய வித்தியாஸ்தானம் என்னும் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைக் கூறுகின்றன. வில்லியனூரிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையில் உள்ள திருபுவனையில், முதலாம் இராசாதிராசன் காலத்து 1048-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 260 மாணவரும் 12 ஆசிரியரும் கொண்ட ஒரு கல்லூரிக்கு 72 வேலி நிலம் ஒதுக்கப்பட்ட செய்தியை அது தருகிறது. விழுப்புரத்தை அடுத்த எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திரன் காலத்தில் 340 மாணவரும் 14 ஆசிரியரும் இருந்தனர். ஆசிரியர் ஊதியம் நெல்லாகவும் பொன்னாகவும் அளக்கப்பட்டது.

கணக்குப் போட்டுப் பார்த்தால், திருபுவனையில் ஓர் ஆசிரியருக்கு ஏறத்தாழ 22 மாணவர். எண்ணாயிரத்தில் 24 மாணவர். இன்றைய நம் வகுப்பறைகளை நினைத்துப் பெருமூச்சு விடலாம்!

ஆயினும் பழம்பெருமை பேசும்போது மறக்கக்கூடாத ஒன்றுண்டு. அங்கு முதலிடம் பெற்றது வேதக் கல்வி. அக்கல்விச்சாலையின் வாயில் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. உழவன் மகனும் நெசவாளி மகளும் பக்கத்துப் பலகையில் அமர்ந்து படிக்கும் இன்றைய அரசுக் கல்லூரி, அந்த வகையில் 72 வேலி நிலத்தைவிடப் பெரிய செல்வம்.

திருபுவனைக் கல்வெட்டில் நம் பொருளுக்கு மிகவும் வேண்டிய குறிப்பு ஒன்று உண்டு. அக்கல்லூரியின் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஊர் வாரியப் பணிகளிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. ஊரின் ஆட்சிச் சுமை அவர்களது கல்வியைக் கெடுக்கலாகாது என்பது நோக்கமாயிருந்திருக்கலாம். சோற்றுக்கு நிலம் இருந்தது. அந்த நிலத்தின் வருவாய் ஆண்டுதோறும் ஒருவரிடம் போய்க் கேட்டு நிற்க வேண்டாத வருவாய். இவ்விரண்டும் சேர்ந்ததே அன்றைய ஆசிரியரின் உரிமை எனலாம்.

பொலோனா தரும் பாடம்

இத்தாலி நாட்டின் பொலோனா நகரில் இடைக்காலத்தே தோன்றிய பல்கலைக்கழகம் இதற்கு முற்றிலும் மாறானது. அங்கே மாணவர்கள் சங்கமாகக் கூடி, தாங்களே பணம் திரட்டி ஆசிரியரை அமர்த்தினர். ஆகவே ஆட்சியும் மாணவர் கையில் இருந்தது. பேராசிரியர் வகுப்புக்குத் தாமதமாக வந்தால் தண்டம்! பாடத்தை உரிய நாளுக்குள் முடிக்காவிட்டாலும் தண்டம்! (நம் நண்பர்கள் இதைப் படித்து மகிழலாம், ஆனால் கட்டணமும் அவர்களே கட்டினர் என்பதை நினைவில் கொள்க.) பின்னர் நகராட்சி பேராசிரியர்க்கு ஊதியம் தரத் தொடங்கியது. ஊதியம் கைமாறவே, அதிகாரமும் மெல்ல மெல்ல மாணவரிடமிருந்து நகரத்தாரிடம் கைமாறியது.

படியளப்பவர் எவரோ அவரே ஆள்வர் என்பது இதனால் பெறப்படும் உண்மை. ஆனால் அறிவுத்துறையில் இவ்விதி அப்படியே செல்லுமானால் கேடு விளையும். அரசு பணம் தருகிறது என்பதற்காக எதைக் கற்பிக்க வேண்டும், எதை ஆராய வேண்டும் என்று அமைச்சர் ஒருவர் அன்றாடம் ஆணையிட முடியுமா? இதற்கு மாற்றாக இங்கிலாந்தில் 1919-இல் ஒரு வழி கண்டனர். அரசுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் நடுவே நின்று பணத்தைப் பகிர்ந்தளிக்க ஒரு மானியக்குழு அமைத்தனர். நம் நாட்டிலும் 1953-இல் பல்கலைக்கழக மானியக்குழு தோன்றி, 1956-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிலைபெற்றது.

மூன்று வடங்கள்

எங்கள் வில்லியனூரில் வைகாசி மாதம் திருக்காமீசுவரர் தேர் ஓடும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநரே வந்து வடம் தொட்ட தேர் அது. இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிப்பது வழக்கம். ஆளுநர் தொட்டார் என்பதால் மட்டும் தேர் நகர்வதில்லை. ஆயிரம் கைகள் வடத்தை இழுக்க வேண்டும். சக்கரத்தின் அருகே குனிந்து முட்டுக்கட்டை போடுபவர் திருப்பத்தில் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டும். புதுவையின் உயர்கல்வியும் அத்தகைய தேரே. அதற்கு வடங்கள் மூன்று.

முதல் வடம் தில்லியில் இருக்கிறது. ஆசிரியரின் கல்வித்தகுதி, பதவிப்படிகள், ஊதிய விகிதம், வாரத்துக்கு இத்தனை மணி வகுப்பு என்பன மானியக்குழுவின் விதிகளிலிருந்து வருகின்றன. 2018-ஆம் ஆண்டு விதிப்படி உதவிப் பேராசிரியர் வாரத்துக்கு 16 மணி நேரமும், இணைப் பேராசிரியரும் பேராசிரியரும் 14 மணி நேரமும் நேரடியாக வகுப்பு எடுத்தல் வேண்டும்.

இரண்டாம் வடம் புதுவை அரசின் கையில் உள்ளது. அரசுக் கல்லூரி ஆசிரியர் அரசு ஊழியர். அவருக்கு மாதந்தோறும் ஊதியம் வழங்குவதும், இடமாற்றம் செய்வதும், காலியிடத்தை நிரப்ப முன்வருவதும் அரசின் பொறுப்பு. புதுவைக்கென்று தனியே தேர்வாணையம் கிடையாது. ஆதலால் உயர்நிலைப் பணியிடங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்க மத்தியத் தேர்வாணையத்தை நாட வேண்டியிருக்கிறது. முதல்வர் கையை விரிப்பதன் காரணம் இப்போது புலப்படும்.

மூன்றாம் வடம் காலாப்பட்டில் இருக்கிறது. முன்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்த புதுவைக் கல்லூரிகள், 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தால் புதுவைப் பல்கலைக்கழகம் பிறந்தபின் அதனோடு இணைந்தன. அது மத்தியப் பல்கலைக்கழகம். குடியரசுத் தலைவர் அதன் பார்வையாளர். துணைநிலை ஆளுநர் தலைமை ரெக்டர். பேரவை, செயற்குழு, கல்விக்குழு, நிதிக்குழு என்பன அதன் அதிகார அமைப்புகள். பணியமர்த்தலும் நிருவாகமும் செயற்குழுவின்பாற்பட்டவை. பாடமும் தேர்வும் கல்விக்குழுவின்பாற்பட்டவை. இரண்டுக்கும் துணைவேந்தரே தலைவர். கல்விக்குழுவுக்குக் கீழே பாடத்திட்டக் குழுக்கள் உள்ளன. அவற்றில் இணைவுக் கல்லூரி ஆசிரியர்களும் இடம்பெறுவர். நமக்குப் பாடம் நடத்துபவர் அந்தப் பாடத்தைப் பற்றி வாய்திறக்கக்கூடிய இடம் அதுவே.

மூன்று வடங்களும் ஒரே திசையில் இழுபட்டால் தேர் நிலைக்கு வரும். ஒன்று தளர்ந்தாலும் தேர் நடுத்தெருவில் நிற்கும்.

ஊதியம் வளர்ந்த கதை

விடுதலைக்குப்பின் அமைந்த இராதாகிருஷ்ணன் ஆணைக்குழு (1948–49), விரிவுரையாளர்க்கு ரூ.300–600, ரீடர்க்கு ரூ.600–900, பேராசிரியர்க்கு ரூ.900–1,350 என ஊதியம் பரிந்துரைத்தது. கோத்தாரி குழுவை (1964–66) ஒட்டிப் பல்கலைக்கழக விரிவுரையாளரின் தொடக்க ஊதியம் ரூ.400 ஆகவும், பேராசிரியரின் தொடக்க ஊதியம் ரூ.1,100 ஆகவும் உயர்ந்தன. ஆனால் கல்லூரி விரிவுரையாளர் அப்போது ஒரு படி தாழ்ந்தே இருந்தார். 1973-இல் சென் குழுவின் பரிந்துரையால் ரூ.700–1,600 என்னும் விகிதம் பல்கலைக்கழக விரிவுரையாளர்க்கும் கல்லூரி விரிவுரையாளர்க்கும் பொதுவாயிற்று. கல்லூரி ஆசிரியர் வரலாற்றில் இது ஒரு திருப்புமுனை.

1986 முதல் நடைமுறைக்கு வந்த மெக்ரோத்ரா குழு விகிதம் விரிவுரையாளர்க்கு ரூ.2,200–4,000, பேராசிரியர்க்கு ரூ.4,500–7,300. அதுவும் எளிதில் கிடைத்துவிடவில்லை. 1987-இல் நாடு முழுவதும் ஆசிரியர்கள் வகுப்பைவிட்டு வெளியேறிப் போராடினர். பணிக்காலத்தைக் கணக்கிட்டு மேல்நிலை தரும் பணி உயர்வுத் திட்டமும் அக்கால மாற்றமே. 1996-இல் தொடக்க ஊதியங்கள் ரூ.8,000, ரூ.16,400 ஆயின. 2006-ஐ ஒட்டிய மாற்றத்தில் விரிவுரையாளர், ரீடர் என்னும் பெயர்கள் போய், உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர் என்னும் பெயர்கள் வந்தன. 2016 முதல் உதவிப் பேராசிரியர்க்குத் தொடக்கம் ரூ.57,700, இணைப் பேராசிரியர்க்கு ரூ.1,31,400; பேராசிரியர்க்கு ரூ.1,44,200. அகவிலைப்படி முதலியன இதற்கு மேல்.

இவ்வெண்களை வேறொரு விதமாகவும் நோக்கலாம். 1949-இல் பேராசிரியரின் தொடக்க ஊதியம் விரிவுரையாளருடையதைப்போல் 3 மடங்கு. 1966-இல் 2.75 மடங்கு, 1973-இல் 2.14 மடங்கு, 1986-இலும் 1996-இலும் 2.05 மடங்கு. ஐம்பது ஆண்டுகளாகக் குறுகிவந்த இடைவெளி, 2016-இல் மீண்டும் 2.5 மடங்காக விரிந்துவிட்டது.

விகிதத்தைத் தில்லி வகுத்தாலும் சுமையைத் தாங்குவது பெரும்பாலும் மாநிலமே. முன்பெல்லாம் கூடுதல் செலவில் 80 விழுக்காட்டைச் சில ஆண்டுகளுக்கு மத்திய அரசு ஏற்றது. 2016-ஆம் ஆண்டு விகிதத்திற்கோ 50 விழுக்காடு, அதுவும் 31.3.2019 வரைதான். விருந்துக்கு இலை போட்டவர் ஒருவர், சோறு போட வேண்டியவர் வேறொருவர் என்றால் பந்தியில் என்ன நடக்கும்? இலைகளின் எண்ணிக்கையைக் குறைக்கத் தோன்றும். நாடெங்கும் நிரந்தரப் பணியிடங்கள் நிரம்பாமல் கிடப்பதற்கு இது ஒரு முதன்மையான காரணம் என்பது என் கருத்து.

மணிக்கணக்கு ஆசிரியர்

நிரம்பாத இடத்தில் வந்து நிற்பவரே கௌரவ விரிவுரையாளர். பெயரில் கௌரவம் இருக்கிறது! 2019-இல் மானியக்குழு இவர்க்கு ஒரு வகுப்புக்கு ரூ.1,500, மாதத்துக்கு ரூ.50,000-க்கு மிகாமல் என்று வகுத்தது. இங்கே ஒரு சிறு கணக்கு. நிரந்தர உதவிப் பேராசிரியரைப் போல இவரும் வாரத்துக்கு 16 வகுப்பு எடுத்தால், நான்கு வாரத்தில் 64 வகுப்பு. ரூ.1,500 வீதம் ரூ.96,000 வர வேண்டும். உச்சவரம்பு ரூ.50,000 ஆதலால், உண்மையில் ஒரு வகுப்புக்குக் கிடைப்பது ஏறத்தாழ ரூ.781. அந்த உச்சவரம்பையும் எட்டாத இடங்கள் பல. தமிழ்நாட்டு அரசுக் கலைக்கல்லூரிகளில் மாதம் ரூ.20,000 என்றிருந்து ரூ.25,000 ஆன தொகையே, ஆண்டில் 11 மாதங்களுக்கு வழங்கப்பட்டு வந்தது.

என் பெரியம்மா மகள் முனைவர் பட்டம் பெற்றவர்; தகுதித் தேர்விலும் தேறியவர். ஒரு கல்லூரியில் மணிக்கணக்கில் பாடம் சொல்கிறார். தேர்வு விடுமுறையிலும் கோடை விடுமுறையிலும் அவருக்கு வருவாய் இல்லை. "ஸ்டாஃப் மீட்டிங்குன்னா எனக்குச் சொல்ல மாட்டாங்க தம்பி. ஆனா மீட்டிங் முடியிற வரைக்கும் அத்தனை வகுப்பையும் நான்தான் பாத்துக்கணும்" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பில் நான் பொருளியல் படித்தேன்.

அவர் சொன்னது ஒரு கல்லூரியின் வழக்கம் மட்டுமன்று. கௌரவ விரிவுரையாளர் பல்கலைக்கழக அமைப்புகளுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குரிமையில் நிரந்தர ஆசிரியர்க்கு நிகராகக் கருதப்படார் என்பது மானியக்குழு வகுத்த நெறியிலேயே இருந்தது. ஊதியம், ஆட்சி என்னும் இரண்டும் ஒரே நாணயத்தின் இருபுறங்கள் என்பது இங்கே தெளிவாகிறது. நிரந்தர இடம் ஒன்று குறையும்போது அரசுக்குச் செலவு குறைகிறது. அதனோடு பாடத்திட்டக் குழுவில் பேசத்தக்க குரல் ஒன்றும் குறைகிறது. திருபுவனையில் ஆசிரியர்க்கு வாரியப் பணியிலிருந்து விலக்கு அளித்தபோது அவர்க்கு 72 வேலி நிலத்தின் பாதுகாப்பு இருந்தது. இன்று இவர்க்கு விலக்கு மட்டும் இருக்கிறது, நிலம் இல்லை.

முடிவுரை

இதில் மாணவராகிய நமக்கு என்ன என்று கேட்கலாம். ஆண்டுக்கு ஆண்டு ஆசிரியர் மாறும் துறையில், நமக்கு நற்சான்றுக் கடிதம் எழுதித் தருவதற்குக்கூட நம்மை அறிந்த ஒருவர் இருக்கமாட்டார். அடுத்த மாதம் பணி உண்டோ இல்லையோ என்ற கவலையோடு வகுப்பில் நிற்பவர், பாடநூலுக்கு வெளியே ஒரு நூலைக் காட்டி "இதைப் படித்துப்பார்" என்று சொல்ல மனநிலை வாய்க்கப்பெறுவாரா?

என் எளிய கருத்துகள் மூன்று. காலியாகும் நிரந்தரப் பணியிடத்தை ஒரு கல்வியாண்டுக்குள் நிரப்ப வேண்டும். அதுவரை பணியாற்றுவோர்க்கு மானியக்குழு வகுத்த தொகையைப் பன்னிரண்டு மாதமும் தர வேண்டும். துறைக்கூட்டத்திலும் பாடத்திட்டம் பற்றிய கலந்துரையாடலிலும் அவர்க்கு ஓர் இருக்கை தர வேண்டும். மூன்றாவதற்கு அரசுக்கு ஒரு காசும் செலவில்லை. அதை நம் கல்லூரிகளே நாளையே தொடங்கலாம்.

இனி ஒரு பணியிடம் காலியாகக் கிடக்குமானால், நண்பர்களே, முதல்வர் அறையோடு நின்றுவிடாமல், எந்த வடம் தளர்ந்திருக்கிறது என்று பார்த்து, உரியவர்க்கு உரிய முறையில் விண்ணப்பம் எழுதுவோம். வடம் பிடிக்கும் கைகளில் நம் கையும் ஒன்றாகட்டும்.