மெருகு யந்திரமும் இரண்டு புல்லிகளும்

பொங்கலுக்கு முதல்நாள் எங்கள் வீடுகளிலே குத்துவிளக்கையும் குடத்தையும் முற்றத்திற் பரப்பி வைத்துப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்குவார்கள். நோன்புப் பெருநாள் நெருங்கும்போது கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று முதலிய ஊர்களில் முஸ்லிம் இல்லங்களின் வட்டாவும் படிக்கமும் அதே வைத்தியத்தைப் பெறும். உலோகத்துக்கு மெருகேற்றும் தொழிலின் இரண்டு பாதிகளும் இந்த வேலைக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. புளியிலுள்ள தாத்தாரிக் அமிலம் பித்தளையின் மேற்படிந்த கறுப்பைக் கரைக்கிறது. சாம்பலிலுள்ள நுண்துகள்கள் மேற்பரப்பைத் தேய்க்கின்றன. உமிச்சாம்பலிற் பெரும்பகுதி சிலிக்கா என்னும் மணற்பொருளேயாதலால், அது மற்றைச் சாம்பலிலும் நன்றாகத் தேய்க்கும்.

தேய்த்தால் கீறல் விழும். கீறல் விழுந்த பொருள் எங்ஙனம் பளபளக்கும் என்று மாணவர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஐசக் நியூட்டன் 1704-ம் ஆண்டில் வெளியிட்ட ஒளியியல் நூலில் இதற்கு விடை கூறியிருக்கிறார். பெரிய கீறலைச் சிறிய கீறலாகவும், சிறியதை அதனினும் சிறியதாகவும் மாற்றிக்கொண்டே போகிறோம். இறுதியிற் கீறல் கண்ணுக்குப் புலப்படாத அளவுக்கு நுண்ணிதாகிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீற்றரை இரண்டாயிரம் கூறிட்டால் ஒரு கூறு எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு. கீறல் அதனினும் சிறிதானால் ஒளி சிதறாமல் ஒரே திசையில் திரும்பும். அதையே நாம் பளபளப்பு என்கிறோம். ஜோர்ஜ் பீல்பி என்ற விஞ்ஞானி 1921-ல், மெருகிடும்போது உலோகத்தின் மேற்படை கூழ்போல் இளகிப் படர்கிறது என்று வாதித்தார். பிற்கால ஆய்வுகள், பெரும்பாலும் நடப்பது நுண்ணிய வெட்டுதலே என்று நியூட்டன் பக்கமே சாய்ந்தன.

அறுகம்பேயில், உல்லை என்று ஊரார் வழங்கும் அந்தக் கரையில், ஒரு சிறு பட்டறை வைத்திருப்பவரை எண்ணிக்கொள்ளுங்கள். வயலிலிருந்து அரிவாளும் மண்வெட்டியும் வரும். தோணிக்காரர் இயந்திரத்தின் விசிறியைக் கொண்டுவருவர். உல்லாச விடுதிக்காரருக்குத் துருவேறா உருக்கினாற் செய்த கைப்பிடிக் கம்பி கண்ணாடி போல் மின்னவேண்டும். இவ்வளவையும் கையாலே தேய்த்து மாளாது. கடையிற் கிடைக்கும் யந்திரத்துக்குப் பணம் போதாதவர் தாமே ஒன்றைச் செய்துகொள்ள முனைவது இயல்பு. அப்படிச் செய்யலாம் என்பதுதான் இக்கட்டுரையின் கருத்து. ஆனால், எந்த இடத்திலே கைவேலை நின்று கணக்கு வேலை தொடங்குகிறது என்பதை அறிந்தவரே செய்யலாம்.

நம்மவர்க்கு இந்த முயற்சி புதிதன்று. கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாகப் பொத்துவிலை அடைந்து, அக்கரைப்பற்று, கல்முனை ஊடாக மட்டக்களப்புக்குச் செல்லும் ஏ-4 பெருவீதியை நாம் அறிவோம். அந்த இரத்தினபுரியிலும், பேருவளையிலும் மாணிக்கம் தீட்டுவோர் நெடுங்காலம் பயன்படுத்திய யந்திரம் ஒரு மரச்சட்டமும், அதில் நின்று சுழலும் ஒரு வட்டத்தகடும், அதைச் சுழற்றும் ஒரு வில்லுமே. ஒரு கை வில்லை முன்னும் பின்னும் இழுக்கும். மறு கை கல்லைத் தகட்டில் அழுத்தும். இறுதி மெருகுக்குச் செப்புத் தகட்டில் உமிச்சாம்பல்! வில்லின் இடத்திலே மின்மோட்டார் வந்தபின் இரண்டு கைகளும் கல்லுக்கே உரியனவாயின. நீலமும் மாணிக்கமும் குருந்தம் என்ற கனிப்பொருளின் இரு நிறங்களே. வைரத்துக்கு அடுத்தபடி இயற்கையிற் கடினமானது அது. ஆங்கிலேயர் அதற்கு வழங்கும் 'கொறண்டம்' என்ற பெயர் நமது தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்தது என்று அவர்களுடைய அகராதிகளே கூறுகின்றன. சாணைச் சக்கரத்திலும் எமரித் தாளிலும் இருப்பது அதே குருந்தம். மோதிரத்திற் பதித்தால் மாணிக்கம், பட்டறையிற் பொடித்தால் சாணை.

கடல் கடந்தும் ஓர் உதாரணம் உண்டு. கோயம்புத்தூரில் 1955-ம் ஆண்டு சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லுக்கு மின்மோட்டாரைப் பூட்டி மாவரைக்கும் யந்திரத்தை அமைத்தார். இன்று தமிழ் வீடுகளிற் பெரும்பாலானவை அறிந்த யந்திரம் அது. அங்கும் மோட்டார் சுற்றும் வேகத்திலே கல் சுற்றுவதில்லை. வேகத்தைக் குறைத்தே கல்லுக்குக் கொடுக்கிறார்கள். இந்த வேக விஷயந்தான் நமது யந்திரத்துக்கும் உயிர்நாடி.

சக்கரத்தின் வேகம்

பாகங்கள் எளியவை. பழைய தண்ணீர்ப் பம்பிலிருந்து கழற்றிய அரைக் குதிரைவலு மோட்டார் ஒன்று. உப்புக் காற்றில் பம்பின் வாய்ப்பகுதி அரித்துப்போன பின்னும் மோட்டார் நன்றாயிருப்பதுண்டு. இரண்டு பெயாரிங்குகளில் ஓடும் ஒரு ஷாப்ட். இரண்டு புல்லிகள், ஒரு பெல்ட். ஷாப்டின் ஒரு முனையில் சாணைச் சக்கரம், மறு முனையில் துணிச் சக்கரம். இவற்றைத் தாங்குவதற்கு ஆடாத கனத்த மேசை. ஷாப்டின் இடப்பக்க முனைக்கு இடப்புரியும் வலப்பக்க முனைக்கு வலப்புரியும் வெட்டச் சொல்லவேண்டும். அப்போதுதான் சக்கரம் சுழலச் சுழல நட் இறுகும். இரண்டுக்கும் ஒரே புரி வெட்டினால் ஒரு பக்கத்து நட் தானே கழன்றுவிடும்.

இனிக் கணக்கு. நமது மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி உடையது. ஆகவே இருதுருவ மோட்டார் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 2,880 சுற்றும், நான்குதுருவ மோட்டார் 1,440 சுற்றும் சுற்றும். மோட்டாரின் பெயர்த்தகட்டில் இது பொறிக்கப்பட்டிருக்கும். தகடு இல்லாத மோட்டாரை வாங்காதிருப்பதே நன்று. பம்பு மோட்டார் பெரும்பாலும் 2,880 வகையினது. மோட்டாரில் 3 அங்குலப் புல்லியும் ஷாப்டில் 6 அங்குலப் புல்லியும் மாட்டினால் ஷாப்ட் 1,440 சுற்றும். இரண்டும் ஒரே அளவானால் 2,880. கை பழகும்வரை முன்னது போதும். பழகியபின் பித்தளைக்கும் உருக்கிற்கும் பின்னது நல்ல மெருகு தரும்.

அதே இரண்டு புல்லிகளையும் மாற்றி மாட்டிவிட்டால்? ஷாப்ட் 5,760 சுற்றும். யந்திரம் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும். பெல்ட்டும் சரியாகப் பொருந்தும். வேலையும் விரைவாக நடப்பதுபோலத் தோன்றும். 150 மில்லிமீற்றர் குறுக்களவுள்ள சாணைச் சக்கரத்தின் விளிம்பு 1,440 சுற்றில் மணிக்கு 41 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. நமது ஊர் வீதியில் செல்லும் பஸ்ஸின் வேகம் அது. 2,880-ல் 81 கிலோமீற்றர். 5,760-ல் 163 கிலோமீற்றர், அதாவது வினாடிக்கு 45 மீற்றர். சாதாரணச் சாணைச் சக்கரங்களுக்கு அனுமதிக்கப்பட்ட எல்லை வினாடிக்கு 35 மீற்றர் அளவே. சக்கரத்தைப் பிய்த்தெறிய முயலும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வது என்று மாணவர் படித்திருப்பர். வேகம் நான்கு மடங்கானால் விசை பதினாறு மடங்கு. சாணைச் சக்கரம் உருக்கன்று. துகள்களைச் சேர்த்துச் சுட்ட ஓடு. அது வெடித்தால் துண்டுகள் துப்பாக்கிக் குண்டைப்போல் பாயும். எதிரே நிற்பது யந்திரத்தைச் செய்தவராக இராது. பெரும்பாலும் தொழில் பழக வந்த சிறுவனாக இருக்கும்.

ஆகவே, சக்கரத்தின் முகத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச வேகத்தைப் படித்து, அதன்பின் புல்லியை வாங்கவேண்டும். சக்கரத்தைச் சுற்றிக் கனத்த இரும்புத் தகட்டினாற் கவசம் அமைத்து, வேலை செய்யும் இடத்தை மட்டும் திறந்து வைக்கவேண்டும். சந்தையிலே சட்டி வாங்கும்போது விரலால் தட்டி ஓசை கேட்பது பெண்களுக்குக் கைவந்த பழக்கம். சாணைச் சக்கரத்துக்கும் அதே சோதனைதான்: ஒரு விரலில் அல்லது கம்பியிலே தொங்கவிட்டு மரப்பிடியால் மெல்லத் தட்டினால் 'கணீர்' என்று ஒலிக்கவேண்டும். மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல் இருக்கிறது. அதனை உடைத்து எறிந்துவிடுங்கள், மலிவு விலைக்கு மற்றொருவரிடம் தள்ளிவிட வேண்டாம். புதிய சக்கரத்தை மாட்டியதும் ஒரு நிமிஷமாவது ஓடவிட்டு, பக்கவாட்டில் ஒதுங்கி நிற்கவேண்டும்.

துணிச் சக்கரம் இவ்வளவு கோபக்காரனன்று. அதை வீட்டிலேயே செய்யலாம். மருதமுனைத் தறிகளில் மிஞ்சும் பருத்தித் துண்டுகள் இதற்கு வெகு பொருத்தம். நைலோன் கலந்த துணி சூட்டில் உருகிவிடும். வட்டமாக வெட்டிய நாற்பது, ஐம்பது துண்டுகளை அடுக்கி வளையம் வளையமாகத் தைத்தால் சக்கரம் தயார். முதலிற் கபில நிற மெருகுக்கட்டி, பிறகு இரும்பு ஒட்சைட்டாலான சிவப்புக்கட்டி. துருவேறா உருக்கிற்குக் குரோமியம் ஒட்சைட்டாலான பச்சைக்கட்டி. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு துணிச் சக்கரம் வேண்டும். இல்லாவிட்டாற் பெரிய துகள் சின்னத் துகளின் வேலையைக் கெடுத்துவிடும். பொருளைச் சக்கரத்தின் நடுமட்டத்துக்குக் கீழேயே பிடிக்கவேண்டும். அப்படிப் பிடித்தால், சக்கரம் அதைப் பறித்தாலும் கீழ்நோக்கியே வீசும். சாறன் முனை, முந்தானை, தொங்கும் கைவளையம், நூற்கையுறை ஆகியவை சக்கரத்தின் அருகே வரலாகாது.

மின்சாரத்தைப் பற்றி இரண்டே வார்த்தை. ஈரமான கடற்கரை மணலில் நின்று வேலை செய்பவருக்குப் புவித்தொடுப்பும் ட்ரிப் சுவிட்சும் அத்தியாவசியம். மின்சாரம் தடைப்பட்டதும் சுவிட்சை மூடிவிடவேண்டும். மறந்தால் அது திரும்பி வரும்போது யந்திரம் தானே புறப்பட்டுவிடும்.

தூசி

கத்திக்கும் முள்ளுக்கும் உலகப் புகழ்பெற்ற இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரிலே, சாணை பிடிப்போர் மணற்கற் சக்கரங்களின்மேற் குனிந்து வேலை செய்தனர். உலர்ந்த சக்கரத்தில் வேலை செய்பவர் 35 வயதைத் தாண்டுவது அரிது என்றும், நீர் விட்ட சக்கரத்தில் வேலை செய்பவர் 45-ஐத் தாண்டுவது அரிது என்றும் அந்நகரின் மருத்துவர் நைற் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிவைத்தார். ஒரு குவளைத் தண்ணீரின் விலை பத்து வருஷ ஆயுள்! நுரையீரலைக் கல்லாக்கும் அந்த நோய் மணல் தூசியினால் வருவது. 1891-ல் அமெரிக்கரான அச்சிசன் கார்பொறண்டம் என்ற செயற்கைச் சாணைப்பொருளைக் கண்டுபிடித்தபின் மணற்கல் மெல்ல விலகியது. ஆயினும் உலோகத் தூசியும் துணிப்பஞ்சும் இன்றும் பறந்துகொண்டுதான் இருக்கின்றன. முகமூடி, கண்ணாடி இரண்டும் வேண்டும். காற்று வேலை செய்பவரின் ஒரு பக்கமாக நுழைந்து மறுபக்கமாக வெளியேறும்படி யந்திரத்தை வைக்கவேண்டும். கச்சான் வீசும் மாதங்களுக்கும் வாடை வீசும் மாதங்களுக்கும் திசை வேறாதலால், மேசையைத் திருப்பி வைக்கக்கூடியதாக அமைப்பவர் கெட்டிக்காரர்.

தோணி விசிறிகளிற் பல அலுமினியத்தாலானவை. அலுமினியத் தூசியும் இரும்புத் துருவும் கலந்து நெருப்புப் பொறி பட்டால் அது தண்டவாளங்களைப் பற்றவைக்க உதவும் 'தேர்மைட்டு' என்ற அதே சரக்காகிவிடும். ஆகவே அரிவாள் தீட்டும் சக்கரத்தில் அலுமினியத்தைத் தொடவே கூடாது. தூசி தனியே திரண்டாலும் ஆபத்துத்தான். 2014 ஆகஸ்ட் 2-ம் திகதி சீனாவின் குன்ஷான் நகரில், மோட்டார் வாகனச் சில்லுகளுக்கு மெருகிடும் தொழிற்சாலையொன்றிலே திரண்டிருந்த அலுமினியத் தூசி வெடித்து 146 பேர் மாண்டனர். சிறு பட்டறையிலே அவ்வளவு தூசி சேராது. ஆனாலும் மாலைதோறும் மேசையையும் கவசத்தின் உட்புறத்தையும் தூரிகையால் துடைத்து, அந்தத் தூசியை நெருப்புக்கும் ஈரத்துக்கும் எட்டாத உலர்ந்த தகரத்திற் போட்டு மூடிவைப்பது ஐந்து நிமிஷ வேலைதான்.

மெருகிட்ட பொருளைக் கடற்கரையிலே அப்படியே விட்டுவிட்டால் மறுநாளே உப்பு அதன்மேல் வேலையைத் தொடங்கிவிடும். வெந்நீரும் சவர்க்காரமும் கொண்டு மெருகுக்கட்டியின் பிசுக்கைப் போக்கி, நன்றாக உலர்த்தி, அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் மெல்லிய யந்திர எண்ணெய் பூசவேண்டும். வட்டாவுக்கு மாத்திரம் எண்ணெய் வேண்டாம். வெற்றிலையில் அதன் வாடை ஏறிவிடும். தேன்மெழுகைச் சிறிது சூடாக்கித் துணியாலே தேய்த்தால், அடுத்த பெருநாள்வரை புளியைத் தேடவேண்டியிராது.